பால் கொடுக்கும் நேரம்

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. ஹல்துமுல்லைக்கு மேலே, ஊத்துக்கல் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில் பாக்கியலெட்சுமி என்றொருத்தி இருக்கிறாள். இதை அவள் என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நேரம் மாறவில்லை. சத்தங்களின் வரிசை மாறவில்லை. மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான் அழுதாள். அந்த இடம் வரும்போது உங்களுக்கே தெரியும்.

மேல்பிரிவில் பழைய புள்ளைக்காம்பரா ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். கருங்கல் சுவர், தகரக் கூரை, நீளமாக ஒரே அறை. உத்திரத்தில் வரிசையாக எட்டு இரும்புக் கொக்கிகள். அவற்றில் சேலையால் ஏணை கட்டித்தான் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள். கீழ்ப்பிரிவில் புதுக் கட்டடம் வந்த பிறகு இது பன்னிரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. அதைப் பெண்கள் சங்கம் கேட்டு வாங்கியது. வெள்ளையடித்து, குளியலறை கட்டி, கட்டில் போட்டு, விருந்தாளிகள் தங்கும் அறையாக்கினார்கள். ஹோட்டலில் தங்கிச் சலித்த வெளிநாட்டு ஆட்கள் தோட்டத்துக்கே வந்து, தோட்டத்துச் சாப்பாடு சாப்பிட்டு, கொழுந்து பறித்துப் பார்த்துவிட்டுப் போக ஆசைப்படுகிறார்கள் அல்லவா, அவர்களுக்காக. கொக்கிகளை மட்டும் கழற்றவில்லை. பழைய காலத்து அடையாளமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆறு பெண்கள் சேர்ந்து நடத்தினாலும் பொறுப்பு பாக்கியத்துக்குத்தான். அவள் வீடு அந்த அறையிலிருந்து இருபது எட்டு நடை. இருபத்திரண்டு வருடம் மலையேறிக் கொழுந்தெடுத்து, முழங்கால் விட்டுப்போய் வேலையிலிருந்து நின்றவள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கு வருவான். மகள் சிவசக்தி உயர்தரப் படிப்பு முடித்தவள். விருந்தாளிகளோடு ஆங்கிலம் பேசுவது அவள்தான்.

அந்த அறையின் ஒவ்வொரு கல்லும் பாக்கியத்துக்குத் தெரியும். மூன்று மாதக் குழந்தையாக இருந்த சிவசக்தியை அங்கேதான் விட்டிருந்தாள். காலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பால் கொடுக்கிற தாய்மாருக்கு அரை மணி நேரம் விடுவார்கள். ஒன்பதே முக்காலிலிருந்து பத்தே கால் வரை. மலையிலிருந்து ஓடி வர வேண்டும். கூடையை வாசலில் இறக்க வேண்டும். பீலிக்குப் போக வேண்டும். ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடத்துக்கு அங்கே பீலி என்று பெயர். முதலில் கால். பிறகு சோப்புப் போட்டுக் கை. கையில் கொழுந்துச் சாறு இருந்தால் ஆயா உள்ளே விடமாட்டாள். அதற்குப் பிறகுதான் பிள்ளை.

அறை திறந்த நாளிலிருந்து பதினேழு பேர் வந்து தங்கிப் போனார்கள். ஒரு குறையும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

பதினெட்டாவது ஆள் இல்ஸா.

அது 2023 ஐப்பசி. செவ்வாய்க்கிழமை, மாலை 4.35. பனிமூட்டம் இறங்கி எதிர் லயத்து வீட்டு வரிசையே தெரியவில்லை. ஸஹாப்தீனின் ஆட்டோ வந்து நின்றது. பெரகல சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறவர், சங்கத்து விருந்தாளிகளை ஏற்றி வருவது அவர்தான். ஒல்லாந்திலிருந்து வருகிறாள் என்பதால் பாக்கியம் ஒரு வெள்ளைக்காரியை எதிர்பார்த்து நின்றாள். இறங்கியவளோ நம் நிறம், நம் மூக்கு, நம் முடி. முப்பத்தெட்டு வயது. சேலை கட்டிவிட்டால் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கிறவள் என்றே சொல்லலாம். வாயைத் திறந்தால்தான் வேறு நாடு.

ஸஹாப்தீன் பையை இறக்கி வைத்தார். பிறகு குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“அக்கா, மத்தவங்க எங்க?”

“யாரு மத்தவங்க?”

“கோயில் வளைவுல ஒரு அம்மா கை போட்டாங்களே, கூடையோட. மழையில நனையிறாங்களேன்னு இவங்க பக்கத்துல ஏத்திக்கிட்டேன்.”

சிவசக்தி ஆங்கிலத்தில் கேட்டாள். இல்ஸா இல்லையென்று தலையாட்டினாள். வளைவில் வண்டி நின்றது. இவர் யாருடனோ பேசினார். பிறகு வண்டி புறப்பட்டது. யாரும் ஏறவில்லை.

சீட்டின் இடது பக்கம் நனைந்திருந்தது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் ஒரு கொழுந்து. இரண்டு இலை, ஒரு மொட்டு. அப்போதுதான் கிள்ளியது போல.

ஸஹாப்தீன் எப்போதும் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கு நிற்கவில்லை.

மறுநாள் புதன். எட்டு மணிக்கு இல்ஸா ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டாள். உறைப்பில் கண் கலங்கினாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பாக்கியத்துக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

காலை 9.45. பாக்கியம் தன் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வெளியே, தொப் என்று ஒரு சத்தம். நிறைந்த கூடையைப் புல்லில் இறக்கும் சத்தம். யாரோ பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்தாள். பிறகு பீலித் தண்ணீரின் சத்தம் மாறியது. விழுகிற தண்ணீர் ஒரு காலில் பட்டால் ஒரு மாதிரி, கையில் பட்டால் வேறு மாதிரி. இருபத்திரண்டு வருடம் கேட்ட காது அவளுக்கு.

எட்டிப் பார்த்தாள். பனி. பீலியில் ஆளில்லை.

மத்தியானச் சோற்றின்போது இல்ஸா ஒரு விஷயம் சொன்னாள். பல வருடமாக மாத்திரை போடாமல் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. இன்றைக்குக் காலையில் புத்தகத்தோடு படுத்தவள், தன்னை அறியாமல் தூங்கிப்போனாள். அரை மணி நேரம், கல்லைப் போல. எழுந்தபோது ஒரு கன்னம் முழுக்க ஈரம். கூரை ஒழுகுகிறதா?

பாக்கியம் போய்ப் பார்த்தாள். கூரை ஒழுகவில்லை. தலையணை மட்டும் நனைந்திருந்தது. எடுத்து முகர்ந்தாள். பச்சைக் கொழுந்து வாசம். அதற்குக் கீழே இன்னொரு வாசம். அது என்னவென்று ஒரு தாய்க்குத் தெரியாமல் போகாது. அவள் மகளிடம்கூடச் சொல்லவில்லை. உறையை மாற்றிவிட்டு வந்தாள்.

வியாழன்.

துவைத்த விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாக்கியம் அறைக்குப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தாள். கைபேசியைப் பார்த்தாள். 9.44.

தொப்.

வாசல் பக்கம்.

பாக்கியம் நின்றாள்.

பீலித் தண்ணீர் காலில் விழுந்தது. இடது கால்... வலது கால். பிறகு நின்றது. பிறகு கை. சோப்பை உருட்டும் சத்தம். பீலியில் சோப்பே இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. கண்ணாடி வளையல் இரண்டு ஒன்றோடொன்று மோதியது.

அடுத்து என்ன சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் பயம். அவளே ஆயிரம் தடவை செய்த காரியம் அது.

ஈரக்கால் படியில். ஒன்று. இரண்டு. மூன்று.

கதவு திறக்கவில்லை. ஆனால் காலடி உள்ளே போயிற்று.

பின்சன்னல் பாதி திறந்திருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

இல்ஸா கட்டிலில் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், கட்டில் விளிம்பில், மெத்தை அமுங்கியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு.

உத்திரத்தில் மூன்றாவது கொக்கி ஆடியது. கிறீச்... கிறீச்...

மற்ற ஏழும் ஆடவில்லை.

இல்ஸாவின் உதடுகள் அசைந்தன.

பேச்சில்லை. முனகலில்லை.

அவள் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

பாக்கியத்தின் தோளிலிருந்த விரிப்புகள் சேற்றில் விழுந்தன. ஓட முடியவில்லை. முழங்காலால் அல்ல. அந்த முகத்தைப் பார்த்ததால். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் முகத்தில், பால் குடிக்கிற பிள்ளையின் நிம்மதி.

10.15க்குக் கொக்கி நின்றது. மெத்தை மெல்ல எழுந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். “இவங்கள அனுப்பிருவோம் சக்தி. என்னமோ இவங்க பின்னாலயே வந்திருக்கு.”

அனுப்ப வேண்டியிருக்கவில்லை. இல்ஸாவே வந்தாள், ஒரு பிளாஸ்டிக் உறையோடு. கண் சிவந்திருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. தான் சுற்றிப் பார்க்க வரவில்லை என்றாள். கைக்குழந்தையாக இந்த நாட்டிலிருந்து தத்துக் கொடுக்கப்பட்டவள் அவள். வளர்த்தவர்கள் நல்லவர்கள். இரண்டு பேரும் இறந்த பிறகுதான் இந்தக் கடதாசியைக் கையில் எடுத்தாளாம். ஒரு பிறப்புச் சான்றிதழ். இந்தத் தோட்டத்தின் பெயர் இருந்ததால்தான் இந்த அறையைத் தேடிப் பிடித்து வந்தாள்.

சிவசக்தி வாங்கி வாசித்தாள். பிள்ளையின் பெயர் தவமணி. தாயின் பெயர் அங்கம்மா. ஊத்துக்கல் தோட்டம், மேல்பிரிவு. 1985 வைகாசி.

பாக்கியம் பண்டாரவளைப் பக்கமிருந்து கல்யாணம் கட்டி வந்தவள். அங்கம்மா என்ற பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கேட்கலாம். கீழ் லயத்தில் நல்லம்மா இருந்தாள். முப்பது வருடம் இதே புள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள்.

மூவரும் இறங்கிப் போனார்கள். நல்லம்மா சுவரில் சாய்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆயாம்மா, அங்கம்மான்னு யாராச்சும் இருந்தாங்களா?”

உலக்கை நின்றது.

“யாரு கேக்குறா?”

“இந்தா, இவங்க. பேரு தவமணியாம்.”

நல்லம்மா இல்ஸாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு உலக்கையைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே முன்னால் சரிந்து இல்ஸாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நாந்தாம்மா ஒன்னய தூக்கிக் குடுத்தேன்! இந்தக் கையாலதான் குடுத்தேன்!”

அழுகைக்கு நடுவில் சொன்னதைச் சிவசக்தி துண்டு துண்டாக மொழிபெயர்த்தாள்.

“தவமணிக்கு அப்ப நாலு மாசம். காச்சலு. பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னாங்க. லொறி கௌம்பப் போவுது. அங்கம்மா மலையில நிக்குறா. ஆளனுப்பி அவ வர்றதுக்குள்ள லொறி போயிரும். நான் தூக்கிக் குடுத்துட்டேன். ஒம்பதே முக்காலுக்கு அவ வந்தா. கூடைய எறக்குனா. கால் கழுவுனா, கை கழுவுனா. உள்ள வந்து பாத்தா மூணாவது கொக்கியில வெறும் ஏணை ஆடுது.”

மூன்று நாள் கழித்து, பிள்ளை இறந்துவிட்டது என்று செய்தி வந்தது. அங்கேயே புதைத்துவிட்டார்களாம். உடலைக் கண்ணால் காட்டவில்லை. அங்கம்மாவின் புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவன். அவளுக்கு அந்த ஒன்றுதான்.

“அவ நம்பல. எம் புள்ள சாகல, எங்கயோ பசியோட கெடக்குன்னு சொன்னா. நாலு வருசம்... ஒரு நாள் தவறாம ஒம்பதே முக்காலுக்கு வந்தா. கை கழுவிட்டு வந்து வாசல்ல நிப்பா. புள்ளயக் குடுங்க ஆயாம்மான்னு கேப்பா. கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு எல்லாரும் சொன்னோம். நானுந்தான் சொன்னேன். ஒரு ஐப்பசி மழையில கோயில் வளைவுல கூடையோட விழுந்து கெடந்தா. பாக்கும்போது உசுரில்ல.”

நல்லம்மா இல்ஸாவின் முகத்தை இரு கையாலும் தடவினாள். “அவ சொன்னதுதான் நெசம். நீ சாகல.”

வெள்ளிக்கிழமை. இல்ஸா தூங்கப் போவதில்லை என்றாள். தனியாக இருக்க வேண்டும் என்றாள். முந்திய நாள் பின்னேரம் முழுக்கச் சிவசக்தியிடம் இரண்டே வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள்.

9.40. பாக்கியமும் சிவசக்தியும் வெளியே, சுவரோரமாக நின்றார்கள்.

9.45.

தொப்.

சிவசக்தி அம்மாவின் கையைப் பிடித்தாள். அவள் அதை முதல் தடவையாகக் கேட்கிறாள்.

கால். கை. வளையல். படி.

பிறகு உள்ளேயிருந்து இல்ஸாவின் குரல். திக்கித் திக்கி.

“அம்மா... தவமணி.”

கொக்கி ஒரு தடவை கிறீச்சிட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அரை மணி நேரம்.

10.15க்கு இல்ஸா வெளியே வந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள். கை ரொம்பக் குளிர்ந்திருந்ததாம். நன்றாகக் கழுவிய கையாம்.

சனிக்கிழமை அவள் புறப்பட்டாள். போகுமுன் அங்கம்மாவைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னாள். கல்லில்லை, பெயரில்லை. அங்கே இப்போது தேயிலை. நல்லம்மா குத்துமதிப்பாக ஒரு செடியைக் காட்டினாள். இல்ஸா அதன் தூரில் கற்பூரம் ஏற்றினாள். ஈரத்தில் இரண்டு தடவை அணைந்து மூன்றாவது தடவை எரிந்தது.

அதன் பிறகு சத்தமில்லை. ஞாயிறு 9.45க்குப் பாக்கியம் காத்திருந்தாள். திங்களும் காத்திருந்தாள். பீலித் தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டு வருடம் பசியோடு தேடிய பிள்ளை கிடைத்துவிட்டது, அவள் போய்விட்டாள் என்றார்கள் சங்கத்துப் பெண்கள். நல்லம்மா மார்கழியில் தூக்கத்திலேயே போனாள். கடைசி இரண்டு மாதம் அவள் சிரித்த முகமாக இருந்தாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இங்கே நிறுத்தியிருந்தால் நல்ல கதை.

2024 மாசி. செவ்வாய்க்கிழமை. முந்திய நாள் விருந்தாளிகள் போய்விட்டதால் பாக்கியமும் சிவசக்தியும் அந்த அறையில் மெத்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. சிவசக்தியின் கைபேசி மணியடித்தது. இல்ஸாவிடமிருந்து நீண்ட கடிதம்.

“வாசிடி. எப்ப வர்றாங்களாம்?”

சிவசக்தி கட்டிலில் உட்கார்ந்து, வரி வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

“அன்புள்ள அக்கா... தங்கச்சி... இத எழுத எனக்கு ரெண்டு வாரமாச்சு. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ரத்தம் பாத்துத் தாயக் கண்டுபுடிக்கிற சோதன ஒன்னு இருக்கு... அதுக்கு நான் குடுத்திருந்தேன்... முடிவு வந்திருக்கு.”

“சரி?”

“எங்க அம்மா உசுரோட இருக்காங்க. மாத்தறப் பக்கம். சிங்கள ஆளு. அறுவது வயசு.”

பாக்கியம் தலையணையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

சிவசக்தியின் குரல் இறங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. வேகமாக வாசித்தாள், முடித்துவிட வேண்டும் என்பது போல.

“பதுளையில ஒருத்தர வச்சுப் பழைய பதிவப் பாக்கச் சொன்னேன். தவமணி. பொம்பளப் புள்ள. நாலு மாசம். நிமோனியா. எறந்து போனதுன்னு எழுதியிருக்கு. அது நெசந்தான். செத்துப்போன அந்தப் புள்ளையோட கடதாசிய யாரோ எடுத்து, என்னைய நாட்ட விட்டு அனுப்புறதுக்குப் பாவிச்சிருக்காங்க. நான் தவமணி இல்ல. வேற ஒரு புள்ளையோட பேர வச்சுக்கிட்டு நான் அந்த அம்மாவோட...”

அவளால் அந்த வரியை முடிக்க முடியவில்லை. அடுத்த வரிக்குப் போனாள். அது கடைசி வரி.

“தயவு செஞ்சு அந்த அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பிறகு இரண்டு பேரும் கைபேசியைப் பார்த்தார்கள்.

9.47.

பீலியில் சத்தமில்லை. கால் கழுவும் சத்தமில்லை. கை கழுவும் சத்தமில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், கூடை விழுந்தது.

இறக்கிய சத்தம் அல்ல.

கை நழுவி விழுந்த சத்தம்.

அவள் முன்பே வந்திருந்தாள். கழுவிவிட்டு நின்றிருந்தாள்.

கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

“அம்மா...” என்றாள் சிவசக்தி, காற்றாக.

வெளியே யாரோ மெல்ல உட்கார்ந்தார்கள். சுவரில் முதுகு உரசியது. வளையல் ஒன்று தரையில் தட்டியது.

பிறகு ஒரு சத்தம். அழுகை என்று சொல்ல முடியாது. அழுவதற்கு முன்னால் மூச்சை இழுப்போமே, அது. இழுத்த மூச்சு வெளியே வரவேயில்லை.

பாக்கியம் அழுகிற இடம் இதுதான். மூன்று தடவையும்.

10.15க்குக் கதவைத் திறந்தார்கள். ஆளில்லை. நிலைப்படிக்கு வெளியே இரண்டு ஈரக்காலடி. விரல்கள் உள்பக்கம் பார்த்திருந்தன.

அன்றிலிருந்து அது நிற்கவில்லை. தினமும் 9.45. கூடை, கால், கை, படி. நிலைப்படி வரைக்கும்தான். அதற்குமேல் ஒரு எட்டுக்கூட வருவதில்லை. கொக்கி ஆடுவதில்லை. அரை மணி நேரம் கழித்துக் காலடி போய்விடும்.

சங்கத்தில் கூடிப் பேசினார்கள். பூசை போடலாம் என்றாள் ஒருத்தி. அறையைப் பூட்டிவிடலாம் என்றார்கள் மற்றவர்கள். பாக்கியம் சம்மதிக்கவில்லை.

“பூட்டிட்டா அவ எங்க போவா?” என்று கேட்டாள்.

விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள். யாரிடமும் இவர்கள் எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர்களைக் கொழுந்து பறிப்பதைப் பார்க்க அனுப்பிவிடுவார்கள். ஆவணியில் வந்த ஒரு ஜெர்மன் தம்பதி மட்டும் நாலு நாளும் காலையில் அறையிலேயே இருந்தார்கள். மனைவிக்குக் கணுக்கால் சுளுக்கு. சந்தோஷமாகத்தான் போனார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் இணையத்தில் எழுதியிருந்த கருத்தைச் சிவசக்தி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். இந்தத் தடவை வெளியே, ரோட்டோரம் போய் நின்று வாசித்தாள். என்னிடமும் காட்டினாள். அதில் இப்படி இருந்தது:

‘அருமையான இடம். அன்பான மனிதர்கள். சாப்பாடு மறக்க முடியாது. ஒரே ஒரு வேண்டுகோள். தினமும் காலையில் கூடையோடு வந்து கதவுக்கு வெளியே காத்திருக்கும் அந்தப் பெண்மணிக்கு ஒரு நாற்காலி போடுங்கள். வெறும் தரையில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வாருங்கள் என்று பல முறை கூப்பிட்டோம். எங்கள் கைகளைப் பார்க்கிறார், கட்டிலைப் பார்க்கிறார், வரமாட்டேன் என்கிறார்.’

பாக்கியம் அன்றைக்கே தன் வீட்டிலிருந்த நாற்காலியைக் கொண்டுபோய் வாசலில் போட்டாள். இன்னமும் அங்கேதான் இருக்கிறது, நானே பார்த்தேன். நான் போன அன்று 10.20 இருக்கும். நாற்காலி காய்ந்திருந்தது. அது நனைவதேயில்லையாம். பக்கத்தில் தரைதான் நனைந்திருந்தது.